யாவேயும் எங்கள் வீட்டுக் குலசாமியும்

என் வீட்டுக்காரர் மதம் மாறப் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆதாரம் இல்லாமல் இல்லை. ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கேட்கிறார். என்னவென்று கேட்டால், "சும்மா, வரலாறு" என்கிறார். வரலாறு கேட்கிற மூஞ்சியா இது! பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸானவர் என்று இவருடைய அண்ணனே கேலி செய்திருக்கிறார். ஒருநாள் இவர் குளிக்கப் போனபோது கட்டிலில் கிடந்த போன் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. எல், யாவே, எபிரேயர்களின் கடவுள் என்று ஏதேதோ.

எனக்கு எந்தச் சாமி மேலும் விரோதம் கிடையாது. நான் வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். எங்கள் ஊர் எல்லையில் நிற்கிற கல்லைத் தமிழ் பேசுகிறவர்கள் மாரியம்மன் என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் கங்கம்மா என்பார்கள். கூழ் மட்டும் ஒரே அண்டாவில்தான் கொதிக்கும்.

என் கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். மூன்று வயது முடியப் போகிறது, முதல் மொட்டை இன்னும் போடவில்லை. இவருக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய் அங்கேதான் முடி இறக்க வேண்டும். சிவராத்திரி நெருங்குகிறது, குழந்தைக்கு முடி கண்ணை மறைக்கிறது, இவரோ டிக்கெட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால், "கம்பெனி லைன்ல ஆள் இல்ல, லீவு தர மாட்டான்" என்பார். சொல்லும்போது திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஒரு முழி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் களியைத் தட்டில் போட்டுவிட்டு நேராகவே கேட்டேன்.

"என்னாங்க, உண்மையச் சொல்லுங்க. ஞானஸ்நானம் எப்போ?"

களி இவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, சிரித்து முடித்துச் சொன்னார். "அட லூசு! அந்தக் காலத்துல கானான் தேசத்துல, இப்ப இஸ்ரேல் இருக்கிற பக்கம், பெரிய சாமி பேரு எல். யாவேங்கிறவரு தெக்கே பாலைவனத்து மலைப்பக்கம் இருந்து ஆளுங்களோட வடக்கே வந்த சாமியா இருக்கலாம்னு சொல்றாங்க. போகப்போக ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டாங்களாம்."

"எவன் போய்ப் பாத்தான்?"

"யாரும் பாக்கல. பழைய பாட்டு, கல்வெட்டு இதையெல்லாம் வச்சு யூகிக்கிறாங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே அடிதடி. முதல்ல, மத்த சாமியே இல்லேன்னு அந்த எபிரேய ஜனங்க சொல்லல. நமக்கு இவர் மட்டும் போதும்னாங்க. கோயில் இடிஞ்சு, ஊரு விட்டு ஊரு போய்க் கெடந்தப்பதான், எங்கேயும் இருக்கிறவர் இவர் ஒருத்தர்தான்னு அழுத்திச் சொன்னாங்களாம். பின்னாடி மரியாதைக்காகப் பேரச் சொல்றதையே விட்டுட்டாங்க. ஆண்டவர்னு மட்டும்தான்."

"நான் உங்க பேரச் சொல்றேனா? அதுக்காக நீங்க ஆண்டவரா?"

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, களியைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"சுத்தி வளைக்காதீங்க. இதுக்கும் நம்ம பாப்பா மொட்டைக்கும் என்னா சம்பந்தம்?"

அப்புறம்தான் கக்கினார். அந்த யாவேயைக் கும்பிட ஆசைப்பட்ட சிரியா நாட்டுத் தளபதி ஒருவன், இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவுக்கு அந்தத் தேசத்து மண்ணையே அள்ளிக்கொண்டு போக அனுமதி கேட்டானாம். அதைக் கேட்டதும் இவருக்குத் தைரியம் வந்திருக்கிறது. இவர்கள் பக்கத்திலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து வேறு ஊரில் வைத்தால் சாமியும் கூடவே வந்துவிடும். ஊருக்கு வெளியே நாங்கள் வாங்கிப் போட்டிருக்கிற மனையில் ஒரு கல் நட்டால் மொட்டையை இங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்பது இவர் கணக்கு.

வெற்றிலை பாக்கோடு போய், பங்காளிகளைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டிய மண் அது. இந்த மகானுபாவர் டீ பிரேக்கில் நின்றுகொண்டு அண்ணனிடம் போனில் கேட்டிருக்கிறார். "சாமியையும் பங்கு பிரிக்கச் சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், அதன்பிறகு இவர் அழைத்தால் எடுப்பதே இல்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அண்ணனுக்குப் பெண்டாட்டி இறந்து சில வருஷமாகிறது, பிள்ளை கிடையாது. ஊரில் தனியாக இருந்துகொண்டு அந்தக் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர். அவரிடம் போய் இப்படியா கேட்பது! இவரைத் திட்டித் தீர்த்துவிட்டு என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார்.

"மண்ணக் கேக்கச் சொன்னது நீதானம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் அங்கே என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சத்தியமா எனக்கு இப்பதான் தெரியும் மாமா. உங்க தம்பி மதம் மாறி வேதத்துக்குப் போறாரோன்னு நானே நடுங்கிக்கிட்டு இருந்தேன். அவர் கேட்ட விதம் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா சாமி இங்கயும் ஒரு எடத்துல இருந்தா என்னா மாமா? அதுக்கா இவ்வளவு கோவம்?"

அவர் குரல் இறங்கியிருந்தது.

"சாமி வந்துரும்மா. அதுக்கு ஒரு பிடி மண்ணு போதும். என்னய எதுல அள்ளிட்டுப் போவிய?"

போனை இவர் கையில் திணித்து, "சிவராத்திரிக்கு வர்றோம்னு சொல்லுங்க" என்றேன்.