டாக்டரம்மாவின் கார் விளக்கு

யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் பழி போட ஒருவன் இருந்தான். அரிசியில் கல்லா? ஜப்பான்காரன். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையா? ஜப்பான்காரன். என் வீட்டுக்காரருக்கு இருட்டினால் ரோடு சரியாகத் தெரியவில்லை என்றானபோதும் அவனைத்தான் திட்டினோம். குண்டு போட வருகிறவன் கண்ணில் படக்கூடாதென்று கார் விளக்குகளுக்கெல்லாம் தகர மூடி போடச் சொல்லியிருந்தார்கள். மூடியின் பிளவு வழியாகக் கசிகிற வெளிச்சத்தில் மாடு எது, மரம் எது என்று யாருக்குத்தான் தெரியும்? அப்படித்தான் நினைத்தோம். நினைத்தோம் என்ன, அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அவர் பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டினார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பிரசவம் சிக்கலானால் அந்த அம்மாவைத்தான் தேடி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நேரம் தவிர டாக்டரம்மாவுக்கு ஓய்வே கிடையாது. தன் பங்களாவின் பின்பக்கம் எங்களுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

ஒருநாள் குமணன்சாவடி தாண்டி, எதிரே வந்த மாட்டுவண்டியை இடிக்கப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் விளக்கைத்தான் வைதார்.

"ரோடு பூரா பள்ளம். குலுங்கிக் குலுங்கி நட்டு லூசாயி வெளக்கு தொங்கிப்போச்சி. நாளிக்கி சாயங்காலம் ஏத்தி வெச்சிர்றேன்."

மறுநாள் பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுவரிலிருந்து பத்து எட்டு நடக்கிற தூரம் தள்ளி. கார் விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்துக்கு என்னைச் சுவரில் கரியால் கோடு இழுக்கச் சொன்னார். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழ வேண்டும். மேலே போனால் எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும், போலீஸ்காரனும் பிடிப்பான்.

வெறும் வண்டியாகப் பார்க்கவும் கூடாதாம். பின் சீட்டில் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், விளக்கும் கூடவே தூக்கும். டாக்டரம்மா, நர்ஸ், மருந்துப் பெட்டி மூன்றுக்கும் சரியாகப் பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். மூவரும் அதுவரை காரில் ஏறியதில்லை. ஒருத்தி தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். இருக்கிற இடத்திலேயே நிற்கப்போகிற வண்டிக்கு எதற்கடி அலங்காரம் என்று நான் சிரித்தேன்.

அவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நட்டைத் தளர்த்தி விளக்கைக் கையால் அசைப்பது என் வேலை.

"ஏத்து."

ஏற்றினேன். வெளிச்சம் கோட்டைத் தொட்டது.

"இன்னும் ஏத்து. கோடே தெரில."

இன்னும் ஏற்றினேன். வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஓட்டுக் கூரைக்குப் போயிற்று. பின் சீட்டில் சிரிப்பு.

"அண்ணாத்தே, ரோட்டுல போறதுக்கா, காக்கா கூட்டைப் பாக்குறதுக்கா?" என்றாள் பூ வைத்தவள். "கோடு அப்பவே பளிச்சுனு தெரிஞ்சிதே!"

"நீ சும்மா குந்து," என்று அவர் எரிந்து விழுந்தார்.

எனக்கும் எரிச்சல்தான். விளக்கைப் பழையபடி இறக்கிவிட்டு நேரே சுவரிடம் போய், கோட்டின்மேல் விரலை வைத்து நின்றேன். மங்கலானாலும் வெளிச்சம் என் சேலைமேல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"இந்தா, எங்க போய்ட்டே?" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஊட்டுக்குள்ள இன்னா வேலை இப்போ? வந்து கோட்டாண்ட நில்லு."

பின் சீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. "வந்துட்டேன்" என்றேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மா பெட்டியும் கையுமாக வந்தார், பின்னால் நர்ஸும் வந்தாள். நெமிலிச்சேரிப் பக்கம் தலைச்சன் பிரசவம், காலையிலிருந்து வலி, ஆள் வந்திருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும். பெண்கள் அவசரமாக இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் கீழே இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். போகிற வழியில் ஏரிக்கரை இருக்கிறது. ஒரு வண்டி போகிற அகலம்தான்.

நான் சுவரை விட்டு ஓடிவந்தேன்.

"அம்மா, ஏறாதீங்க. அவருக்குக் கண்ணு தெரில."

என் வாயிலிருந்து வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். இந்தப் பைத்தியம் என்னவோ உளறுகிறது என்றார் அந்த அம்மாவிடம். டாக்டரம்மா தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தரையில் போட்டார்.

"அதை எடுத்துக் கொடுப்பா."

அவர் குனிந்தார். கை மண்ணைத் துழாவிற்று. மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூந்தமல்லியில் அந்த நேரத்துக்கு வேறு டிரைவருக்கு எங்கே போவது? டாக்டரம்மா ஜட்கா பிடித்துப் போனார். காரில் அரைமணி நேர வழி. ஜட்காவில் போய்ச்சேர ஒன்றரை மணி ஆயிற்று. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

முன்னாலேயே வயிற்றில் இறந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். எங்களுக்காகச் சொன்னாரா, உண்மைதானா, தெரியாது.

அடுத்த நாள் அவருடைய கண்ணைப் பரிசோதித்துவிட்டு அந்த அம்மா கேட்டது அவரையல்ல, என்னை: "இவர் என்ன சாப்பிடறார்?" என்ன சாப்பிடுவார்? கீரையும் முட்டையும் கிடைத்த அன்று பிள்ளைகளுக்கு. அவருக்குக் கஞ்சியும் ஊறுகாயும். சத்தில்லாமல் வருகிற மாலைக்கண்தான் என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை, இருட்டினபின் ஓட்டக்கூடாது என்று மட்டும் நிறுத்தி வைத்தார். மீன் எண்ணெய் கொடுத்தார். வீடெல்லாம் அந்த நாற்றம். சில வாரங்களில் பார்வை திரும்பிவிட்டது.

"முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் சரியாப் போயிருக்குமே," என்றார் டாக்டரம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அதன்பின் எத்தனையோ வருஷம் அதே காரை ஓட்டினார். சண்டை வரும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லுவார்: "நாலு பேர் எதிர்ல மானத்தை வாங்கிட்டே. நான் ஓட்டிகினு போயிருந்தா அந்தக் கொழந்தை பொழச்சிருக்கும்." நானும் விடமாட்டேன். "ஆமா, ஏரில வுழுந்து எல்லாருமா போயிருப்பீங்க," என்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு நான் சொன்னது சரிதான்.

ஆனால் அவர் கண் விஷயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது என்று அவர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஓர் இரவு, நான் முன்னால் வைத்த சோற்றுத் தட்டை அவர் கையால் தடவித் தேடியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தட்டை அவர் கைப்பக்கம் நகர்த்தி வைத்தேன். மறுநாளும் நகர்த்தினேன். பங்களாவின் பின்கதவுக்கு எங்கள் வாசலிலிருந்து இருபது அடி இருக்குமா? சொல்லப் போகவில்லை. வீடு போய்விடுமே என்று பயந்தேன். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று இன்றுவரை யாரையும் நான் கேட்டதில்லை.