கேமரா ஒதுக்கிய மூஞ்சி

இந்த வாரம் எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பேறித்தனம் பாதி. என் அழகுக்கு நேர்ந்த அவமானத்தை நானே ஊருக்குச் சொல்வானேன் என்பது மீதி. மனசு கேட்கவில்லை... சொல்லித் தொலைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை. உப்பளத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் என் நண்பன் சலீம், மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பிக் காயில் வாங்கப் பாண்டிக்குக் கிளம்பினான். தொழுகை முடிந்து நேராக வந்ததால் தலையில் தொப்பி. பைக்கின் பின்சீட்டில், வெட்டிப் பாரமாக நான்.

கீழ்புத்துப்பட்டு அருகே போலீஸ் மறித்தது. வடக்கே எங்கேயோ குண்டு வெடித்திருந்ததால் செக்கிங். ஒரு போலீஸ்காரர் கையில் வீடியோ கேமரா. கேமராவைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்குமா? சீப்பை எடுத்துத் தலை சீவினேன். காலரைத் தூக்கிவிட்டேன். லேசாக ஒரு சிரிப்பு.

"ஏம்பா, நீ தள்ளிக்க. அவன் மட்டும் போதும்."

சலீமைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு. பேர், அப்பா பேர், தெரு — கேட்பதற்கு முன்பே அவன் சொல்லிக்கொண்டு போனான். எட்டாவதில் ஃபெயிலான எனக்கு ஒரு மனப்பாடச் செய்யுள்கூட அப்படி வந்ததில்லை.

வாயும் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு மாலை மட்டும்தான் சார் பாக்கி" என்றேன். ஜோக் அடித்தது நான். முறைப்பு விழுந்தது அவன்மேல். "மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு" என்றார் கேமராக்காரர்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒயர், டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் இருந்த சலீமின் பை என் தோளில்தான் தொங்கியது. அதை ஒருத்தரும் தொடவில்லை. கிண்டல் அடிக்கவும் ஒரு லைசென்ஸ் வேண்டும் போல. எனக்கு எட்டாவது பாஸ் பண்ணாமலே கொடுத்திருக்கிறார்கள். சலீம் ப்ளஸ் டூ... அவனுக்கு இல்லை.

காலாப்பட்டைத் தாண்டினோம். குவைத் வேலைக்காக பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறான். போலீஸ் என்கொயரி எப்போது வேண்டுமானாலும் வரலாம். வண்டியை மெதுவாக்கிக் கேட்டான்.

"என்கொயரிக்கு வர்றவரு அந்த கேசட்டப் பாத்திருப்பாராடா?"

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வருவது கிண்டல் ஒன்றுதான். "அத வுடு. இவ்ளோ சீவிட்டு நின்னேன், ஒரு ஓரத்துலகூட என்னைப் புடிக்கலியேடா" என்றேன்.

அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"குடுத்து வெச்சவன்டா நீ."