கரையில் நின்ற ஏழு சாட்சிகள்

அன்று மாமியின் முற்றத்தில் மாமி இருந்தார், எங்கள் பேராசிரியர் இருந்தார், சட்டம் படிக்கிற நான் இருந்தேன், எங்கள் கடற்கரை ஊரான சல்லியில் ஒரே ஒழுங்கையில், ஒரே சின்னத் தெருவில், குடியிருக்கிற ஏழு சாட்சிகள் இருந்தார்கள். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமியின் மகன், என் மச்சான். வெளிநாடொன்றில் தஞ்சம் கேட்டு, மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்குக் காத்திருந்தார். மற்றவர் பக்கத்து வீட்டுக்காரர். வேலித் தகராறில் மாமியோடு கதைபேச்சு இல்லை.

ஒரு மத்தியானம், மாமியும் வீட்டில் இல்லாத நேரம், மச்சானைத் தேடி வந்த சிலர் வீட்டை அடித்து உடைத்ததை அந்த நாட்டில் யாரும் நம்பவில்லை. நேரில் கண்ட ஒருவர், கண்டதைச் சத்தியம் செய்து எழுதிச் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மச்சானைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பேராசிரியர் தஞ்சச் சட்டம் பற்றி நிறைய எழுதியவர். சட்டத்தை மண்டபத்தில் மட்டும் படிப்பிக்க ஏலாது, வழக்குள்ள வீட்டில் போய் இருந்து படிக்க வேண்டும் என்பதும் அவர் எழுதியதுதான். அதையெல்லாம் அடிக்கோடிட்டுப் படித்த நான், எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் என்ற மிதப்பில், கண்டவர்கள் வரட்டும் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்தேன். எங்கள் பக்கம் சாட்சி சொல்வது கலியாண வீட்டுக்கு ஆட்கள் இருக்கக் கதிரை கொடுப்பது மாதிரி. கேட்டால் இல்லை என்பது மரியாதை இல்லை. கண்டார்களா என்பது பிறகு.

ஏழு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். வான் வந்தது, நாய் குரைத்தது, அலுமாரி விழுந்தது, அதே ஒழுங்கில். பேராசிரியர் பேனையை மூடினார். அச்சில் வார்த்த மாதிரி வாக்குமூலங்கள் வந்தால் தஞ்ச வழக்கு கவிழும் என்று அவர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் கோபிக்கவில்லை. எங்கே நின்று பார்த்தீர்கள் என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

ஐஸ் விற்கிற அண்ணர் மாமி வீட்டு வாசல் படலையடியில் நின்றதாகச் சொன்னார். அவருடைய மனைவிக்கே பொறுக்கவில்லை.

"என்னப்பா, அண்டைக்குக் கடற்கரையில என்னோட கரைவலை இழுத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்?"

"நீயும் இப்பதானே சாட்சி சொன்னனீ?"

"அது இந்த அக்காவுக்காகச் சொன்னது" என்று மாமியைக் காட்டினார்.

இப்படியே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து, ஏழு பேரும் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்று மீன் நிறையப் பட்டு, ஒழுங்கையே வலை இழுக்கப் போயிருக்கிறது. போகாத ஒரே ஆள் பக்கத்து வீட்டுக்காரர்.

பேராசிரியரும் நானும் வேலியடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டோம். வான், வந்த ஆட்கள், கதவை உடைத்த விதம் எல்லாம் கண்டதாகச் சொன்னார். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால், நீ அந்த நேரம் வேலியடியில என்ன செய்தனீ எண்டு கேப்பினமே தம்பி."

ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, வேலிக் கதியால் தடிகளைப் பிடுங்கி மாமியின் பக்கம் ஒரு அடி அரக்கி நட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வேலி அசையவே இல்லை என்று கோயிலில் சத்தியம் பண்ணியவரும் அவர்தான்.

மாமி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"கதியால் நிண்ட இடத்திலயே நிக்கட்டும். என்ர பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லுங்கோ."

சாட்சிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நான் மாமியின் காதில் சட்டம் ஓதினேன். மாமி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேராசிரியர்தான் சிரித்தார்.

"அதையும் எழுதும். வேலி அரக்கினது, மாமி விட்டது, எல்லாம். தன்ர களவையும் சேர்த்துச் சொல்லுறவரை நம்புவினம்."

களவு என்று போடவேண்டாம், அரக்கினது என்றே போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் மன்றாடினார். அப்படியே போட்டேன்.

சில மாதங்களில் மச்சானுக்குத் தஞ்சம் கிடைத்தது. வேலி அரக்கியவரின் வாக்குமூலத்தைத்தான் தீர்ப்பில் நம்பி எழுதியிருந்தார்கள். ஒழுங்கையில் அதை யார் கேட்டார்கள்? தங்கள் சாட்சியால் வென்ற வழக்கு என்று ஐஸ் அண்ணர் நிலாவெளி வரைக்கும் சொல்லித் திரிந்தார். அதனால் ஏழு சாட்சிகளையும் குடும்பத்தோடு கூப்பிட்டு, கிண்ணியாவில் சொல்லிச் செய்வித்த பிரியாணி கொடுக்க வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன பெரிய பார்சலை மாமியே கொண்டுபோனார். சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு, கூரியர், பிரியாணி எல்லாம் கூட்டிப் பார்த்தால், மாமிக்குப் போனது ஒரு அடி நிலமும் ஐம்பத்தோராயிரத்து இருநூறு ரூபாயும்.