பூசைக்கு மறுநாள் பிடிக்காத இன்ஜின்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை இன்ஜின் பிடிக்கவில்லை. மாடித் தட்டுகளில் தேயிலைக் கொழுந்து வாடிப் பதமாகக் கிடந்தது. பதினொரு மணிக்குள் இன்ஜின் சுற்றும் ரோலரில் விழாவிட்டால் அவ்வளவும் பாழ். திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபேக்டரியில் நான் இன்ஜின் டிரைவராகி ஆறே மாதம். டீசல் இன்ஜினும் எங்களுக்குப் புதுசு.

எனக்கு மேலே ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா. கொழுந்தை மோந்தே பதம் சொல்லிவிடுவார். இன்ஜின் விஷயத்தில் தன் பழைய பெட்ரோல் காரைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. தீப்பொறி போடும் பிளக் இல்லாத மெஷினில் நெருப்பு எங்கிருந்து வரும், மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காற்றுக் குழாயில் காட்டு என்று பிடிவாதம் பிடித்தார். தீப்பிடித்துவிடும், நான் மாட்டேன் என்றேன்.

"அப்ப நாளைக்குப் பெரட்டுக்குப் போயிரு" என்றார்.

பெரட்டு என்றால் விடியலில் மலைவேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேற வேண்டியதுதான்.

அப்போது வந்த தபால்காரரின் சைக்கிள் பம்பை இரவல் வாங்கினேன். நுனியை விரலால் இறுக்க அடைத்து இருபது தடவை வேகமாக அடித்து, பம்பின் அடியைத் தொடச் சொன்னேன். ஐயா தொட்டதும் கையை உதறினார்.

"இதாங்கய்யா நெருப்பு. பிஸ்டன் கண்மூடித் தொறக்கிறதுக்குள்ள காத்தை அமுக்குது, அது பழுக்கக் காயுது. அதுல டீசலைப் பீச்சினா தன்னால பத்திக்கும்."

பம்பை ஆறவிட்டு, விரலைத் தளர்த்தி மறுபடி அடித்தேன். காற்று புஸ்ஸென்று போனது, பம்பு சுடவேயில்லை. வழக்கமாக இன்ஜின் ஹேண்டிலைச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். அன்று அது லேசாகச் சுற்றியதை நல்ல சகுனம் என்று நினைத்த மடையன் நான். எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். காற்று உள்ளே வரும் வால்வு மூடாமல் நின்றது. அதன் இடுக்கில் வாழைநாரும் நாலு செவ்வந்தி இதழும். பூசையன்று காற்றுக் குழாயில் முதல் மாலை போட்டவர் ஐயா. குழாயின் ஃபில்டரைக் கழுவக் கழற்றிவிட்டு, மாட்டாமலே இன்ஜினை ஓட்டிக் காட்டியவன் நான். இழுத்த காற்றோடு மாலையும் போயிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை வந்து என்ன கோளாறு என்று கேட்டார். ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. நாரைக் கைக்குள் மறைத்து, வால்வில் கரி அடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"ஃபில்டரை மாட்டாம ஓட்டினது நான்தாங்க தொரை."

தொரை என்னை ஏற இறங்கப் பார்த்து, முதலில் ஓட்டு என்றார். நாரை எடுத்து, ஹெட்டையும் ஃபில்டரையும் மாட்டினேன்; பத்தேகாலுக்கு இன்ஜின் பிடித்தது. பெரட்டுப் பேச்சை ஐயா அப்புறம் எடுக்கவேயில்லை.

இன்ஜின் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களே, மெஷின் நின்றால் கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று முதலில் கேளுங்கள். என் முப்பது வருஷ சர்வீஸில் பாதி நாள் அது நானாகத்தான் இருந்தேன்.