பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

போன ஞாயிறு, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு தாளோடு வந்தார். செமாபோக் கிராமத்திலிருந்து வந்தவர். அங்கே அமைதியோ அமைதியாம்! இங்கே நல்லதம்பியின் ரேடியோ அலறல் தாங்கவில்லையாம். முனிசிபாலிட்டிக்குப் புகார் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் நான். என் கையெழுத்துதான் முதலில் வேண்டுமாம்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இதே நல்லதம்பியிடம் முதன்முதலில் புகார் சொன்னவனே நான்தான்.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் இதே காஜா பெராங் தெரு, இதே ஒட்டு வீடுகள். நடுவில் ஒரு பலகைச் சுவர்... அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு சொல்லலாம்.

நல்லதம்பி மலாக்கா செட்டி. கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். அதோடு திடீரென்று ஜப்பான் மொழியும் சேர்ந்துகொண்டது. தினமும் காலை ஏழு மணிக்கு, 'இச்சி! நி! சான்! ஷி!' என்று ஒன்று, இரண்டு எண்ணிக் கத்தியபடி பலகைத் தரையில் குதிப்பார். ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி. அவருடைய எடையோ இரண்டு ஆள் எடை!

'நல்ல பேர் வாங்கப் பார்க்கிறான்' என்று எனக்கு எரிச்சல். நான் ஆபீஸ் கிளார்க். கண்ணியமானவன். சத்தமே போடாதவன்.

என் மனைவி ராஜம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். மரவள்ளிக்கிழங்கு ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வரும். மெலிந்துகொண்டே போனாள். எனக்குப் பயம்... தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்ற பயம். செங் கிராமத்திலிருந்து மைத்துனன் கிழங்கு மூட்டைக்கு அடியில் நெல்லை ஒளித்துக் கொண்டுவருவான். நெல் பதுக்குவது ஜப்பான்காரனுக்குப் பெரிய குற்றம்; பிடிபட்டால் தலை தப்பாது. காலையில் ஆபீஸ் போகுமுன் நான்தான் சமையற்கட்டில் உரலில் போட்டுக் குத்துவேன். கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி.

ஒருநாள் வேலிப் பக்கம் போய், "அண்ணே, வீட்டிலே பிள்ளைத்தாய்ச்சி இருக்கா. கொஞ்சம் மெதுவா செய்யக் கூடாதா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, தம்பி" என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை, ஆகா, என்ன நிசப்தம்! ஜெயித்துவிட்ட தெம்போடு உலக்கையை எடுத்தேன்.

தொம்... தொம்... தொம்...

இவ்வளவு சத்தமா போடுகிறது இந்த உரல்? நான்காவது குத்தில் வெளியே சைக்கிள் நின்றது. எட்டிப் பார்த்தேன். கைப்பட்டை கட்டிய ஆள். தெருவைக் கண்காணிக்க ஜப்பான்காரன் வைத்தவன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். என் கை உலக்கையோடு அந்தரத்தில் நின்றது. ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இச்சி! நி! சான்! ஷி!"

பலகைத் தரை அதிர்ந்தது. தொம்! தொம்! கைப்பட்டைக்காரன் முகத்தில் ஒரு திருப்தி. சைக்கிள் நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலே நல்லதம்பியின் வியர்த்த முகம். மலாயில்தான் பேசினார்.

"உங்க உமி எல்லாம் என் பக்கத்துச் சாக்கடை அலூர்லதான் வந்து மிதக்குது, தம்பி. தினமும் நான்தான் வாரிப் புதைக்கிறேன். நாளைக்கு எத்தனை மணிக்குக் குத்தப் போறீங்க? ஏழுன்னா ஏழுக்கே குத்துங்க. எனக்கும் முட்டி வலிக்குது."

அடுத்த வீட்டுச் சத்தத்துக்கு நம் காது எவ்வளவு கூர்மை! நம் வீட்டு உலக்கைக்கு மட்டும் அது ஏன் அடைத்துக்கொள்கிறது?

இப்போது நல்லதம்பிக்குக் காது கேட்பதில்லை. அதனால்தான் ரேடியோ அப்படி அலறுகிறது. எதிர்வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லி, புகார்த் தாளைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு வயிற்றில் இருந்த என் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். சாயங்காலமே கடைக்குப் போனாள்.

நல்லதம்பி ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்க!