அக்கா சொல்லாத கடைசிக் காட்சி

போன வருடம், பள்ளி விடுமுறைக்குச் சில வாரம் முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில், கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது இது. வீட்டில்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த மாடிதான் எங்கள் நாடகக் குழுவுக்கு எல்லாமே. மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். எங்கள் இயக்குநர் பகலில் கார் பட்டறை நடத்துகிறவர். போட்ட நாடகத்தையே திரும்பப் போடுவது அவருக்குப் பிடிக்காது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில், கம்பம் என்கிற கிராமங்களில் இருப்பவர்கள் எழுத வேண்டும், அதை நாம் மேடையேற்ற வேண்டும் என்பார். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் வசனத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம். எங்களில் ஒருவர் அதைத் தட்டச்சு செய்து, பேசியவருக்கே படித்துக் காட்டி, "சரி" வாங்க வேண்டும். அதன் பிறகு வாசிப்பு. நடிகர்கள் உட்கார்ந்து படிப்பார்கள், அழைத்தவர்கள் கேட்பார்கள். படித்து முடிக்கும்வரை நாடகத்துக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. புதியவர்கள் பாதியில் எழுந்து, "அது வந்துங்க..." என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவதால் வந்த விதி அது.

நான் அப்போது பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். நாடகத்தைப் பற்றி நாலு புத்தகம் படித்த வேகம் வேறு. எந்த வேலை என்றாலும் முதலில் கை தூக்குவேன். அப்படித்தான் ஓர் அக்காவின் நாடகம் என்னிடம் வந்தது.

அக்கா தஞ்சோங் காராங் பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். பள்ளி விடும்வரை வேனில் காத்திருக்கும் நேரத்தில்தான் வசனம் பேசி அனுப்புவார். கதையில் அம்மா அழுதுகொண்டிருப்பாள். நடுவில், "டேய், பேக்க தலையில மாட்டாத! ஏறுடா!" என்று ஓர் அதட்டல் கேட்கும். உடனே, "பாப்பா, அதையும் டைப் அடிச்சிறாத ஆ, அது கத இல்ல லா," என்று சிரிப்பார்.

கதை சின்னதுதான். அம்மாவுக்குச் சொல்லாமல் மகள் கல்யாணம் செய்துகொள்கிறாள். அம்மா வீட்டில் சேர்ப்பதில்லை. கடைசிக் காட்சியில் மகள் வாசலில் வந்து நிற்கிறாள். அம்மா சொல்கிறாள்: "நான்தான் தப்பு. ஊரு என்ன பேசும்னு பாத்தேன். நீ எப்படி இருக்கேன்னு பாக்கல." அதோடு நாடகம் முடிகிறது.

அந்தக் கடைசிப் பதிவில் அக்காவின் குரல் அடைத்திருந்தது. சளி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த முடிவு சப்பென்று இருந்தது. மோதல் எங்கே, உச்சம் எங்கே? ஒரே மூச்சில் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். என் முடிவில் அம்மா பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளுவாள். மகள் காலில் விழுந்து கதறுவாள். படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

"எப்ப படிச்சுக் காட்டுவ பாப்பா?" என்று அக்கா போனில் கேட்டார்.

"வாசிப்பு அன்னிக்கே கேளுங்கக்கா. சர்ப்ரைஸ்!"

"நீ படிச்ச புள்ள. சரியாத்தான் செஞ்சிருப்ப," என்று விட்டுவிட்டார். இயக்குநரிடம் நான் சொன்னதென்னவோ, "அக்கா ஓகே சொல்லிட்டாங்க" என்று.

வாசிப்பு நாளன்று அக்கா புது பஞ்சாபி சூட்டில் வந்திருந்தார். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். "என் மவ. கிள்ளான்லேர்ந்து வந்துருக்கா," என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ நாற்காலிகளை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் காட்சிகளில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த மகளும் ஓரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசிக் காட்சி வந்தது. அம்மாவாகப் படித்தவர் குரலை உயர்த்தியதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அசந்துபோய்ப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

மகள் காலில் விழும் இடத்தில், நிஜ மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "இல்லம்மா, அது..." என்று அக்காவும் பாதி எழுந்தார். இயக்குநர் கையிலிருந்த தாள்களைவிட்டுக் கண்ணை எடுக்காமலே உதட்டில் விரல் வைத்தார். எல்லாருக்கும் செய்வதுதான். அக்கா விதியை மதித்து உட்கார்ந்துவிட்டார். மகள் படியிறங்கும் சத்தம் கேட்டது. வசனம் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

"இப்ப பேசலாங்கக்கா," என்றார் இயக்குநர்.

"கடைசியா வந்தது நான் சொன்னது இல்லங்க."

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. அப்போதும் நான் வாயை மூடவில்லை. "அக்கா, ஸ்டேஜுன்னா ஒரு இம்பேக்ட் வேணும்ல..."

"யாருக்கு பாப்பா? என் மவள ரெண்டு வருசமா கூப்புடுறேன், வரல. உனக்காக ஒரு நாடகம் செஞ்சிருக்கேன், வந்து கேளுன்னு சொன்னதுக்குத்தான் இன்னிக்கு வந்தா. நேருல சொல்ல எனக்கு வாய் வரல. அதனாலதான் இதுல சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். மகளின் கார் போய்விட்டிருந்தது.

இயக்குநர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். "நான்தானே அவங்கள உக்கார வெச்சேன்," என்று பழியில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு அது இன்னும் கேவலமாக இருந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் வேனருகே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "போன் பண்ணா. 'எல்லாரு முன்னாடியும் என்னைய கால்ல விழ வெக்கத்தான் கூப்ட்டியா'ன்னு கேட்டா. வெச்சிட்டா."

"அவங்க நம்பர் குடுங்கக்கா. நான் பேசிப் புரிய வெக்கிறேன்."

"வேணாம். நீ பேசுனா இன்னும் அழகாத்தான் பேசுவ."



அந்த அசல் குரல் பதிவை அக்கா தன் போனிலிருந்து மகளுக்கு அனுப்பிப் பார்த்தார். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. அக்காவின் எண்ணை மகள் தடை செய்துவிட்டார் போலிருக்கிறது.

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்று இயக்குநர் சொன்னபோது அக்காதான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார். இந்த முறை வேனில் பக்கத்தில் உட்கார வைத்து, வரிக்கு வரி திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு பொது மண்டபத்தில் அரங்கேறியது. அக்கா கதவோரமாக உட்கார்ந்து, யார் உள்ளே வந்தாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கிய அந்த மூன்று வாக்கியங்களை நடிகை சொன்னதும், முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகள் வரவில்லை.

மண்டபமே கேட்ட அந்த வார்த்தைகளை, கேட்க வேண்டிய அந்த ஒருவர் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அடுத்தவர் சொல்லைக் கொஞ்சம் அழகாக்கலாமே என்று கை பரபரக்கும்போதெல்லாம் அதுதான் நெஞ்சில் வந்து நிற்கிறது.