ஆடி வெள்ளியும் டயர்த் தூளும்

வல்லம் வடகால் பக்கம் தரைக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றில் நான் கலவை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சுற்றிலும் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒருநாள் முதலாளி பழைய லாரி டயர்களை அரைத்த தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். மணலில் கொஞ்சம் குறைத்து அதற்குப் பதில் இதைப் போட்டால் கல் சட்டென்று உடையாது என்று யாரோ இன்ஜினியர் சொன்னாராம்.

கலவை வறட்டுக் கலவையாகத் தெரிந்தது. பழக்க தோஷம், ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டேன். அச்சில் ஊற்றி அதிரவிட்டபோது தூள் மேலே மிதந்து வந்தது. கரணையால் தேய்த்து மூடினேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வார்த்தாலும் முதல் நாள் கற்கள் விலைக்குப் போகாது, பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போகும். கோயிலைச் சுற்றி அப்போது சரளை மண்தான். அந்த ஆடியில் என் மனைவி அங்கப்பிரதட்சணம் செய்ய வேண்டியிருந்தது. காய்ச்சலில் வலிப்பு கண்ட எங்கள் மகளுக்கு மறுபடி வராமலிருந்தால் உருண்டு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் வரவில்லை. அவள் உடம்பில் கல் குத்தக் கூடாதே என்று நானே அந்தத் தரைக்கற்களைப் பதித்தேன். டயர் கலந்ததைப் பூசாரியிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம்.

ஆடி வெள்ளி காலையில் குளித்த ஈரத்தோடு உருண்டாள். எழுந்தபோது மஞ்சள் புடவை முழுக்கக் கறுப்புப் பொடி.

"இன்னாங்க இது, கறுப்பு கறுப்பா ஒட்டிக்கினு கீது?"

அம்மன் சந்நிதி எதிரில் பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் புடவையைத் தட்டவில்லை, அப்படியே நின்றாள். பூசாரிதான் சிரித்தார்.

"அட இன்னாம்மா நீ. திருவிழாவுக்கு ஆத்தாவே டிராக்டர்ல தான் ஊர்வலம் போறா. அந்த டயர பால் ஊத்திக் கழுவிட்டா ஓட்றோம்?"

"ஆத்தா எதுல வேணா போவட்டும் சாமி. நான் அவ மண்ணுல பொரள்றேன்னு தான் சொன்னேன். செத்த நாய் மேல ஏறின டயரோ இன்னாவோ. புள்ளைக்குத் திரும்ப வந்துச்சின்னா நான் யாரப் போய்க் கேப்பேன்?"

எனக்கும் அந்தப் பயம் அப்போதுதான் உறைத்தது. அவள் கஷ்டத்தைக் குறைக்கப் பார்த்தேன், அவள் கொடுத்த வாக்கையே குறைத்துவிட்டேன்.

அன்றே கற்களைப் பெயர்த்தேன். கடப்பாரை பட்டும் ஒன்றுகூட இரண்டாகத் தெறிக்கவில்லை, கீறல் விட்டுச் சேர்ந்தே கிடந்தன. முதலாளியிடம் தண்ணீர் கூடிப்போனதை ஒப்புக்கொண்டேன். திட்டினார். அடுத்த கலவையில் தண்ணீரைக் குறைத்தோம், பொடி மேலே வரவில்லை. ஆனாலும் கோயிலுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

"நீ திரும்ப உருள வேணாம். தப்பு என்னுது, நான் உருள்றேன்" என்றேன் மனைவியிடம். அந்த வாரம் முழுக்க அவள் எனக்குச் சோறு போட்டதோடு சரி.

அடுத்த வெள்ளி ஈர வேட்டியோடு மண்ணில் படுத்தேன். முதல் புரளலிலேயே சரளை முதுகில் ஏறியது. ஒரு பக்கம் முடித்து மூலையில் திரும்பினால், அதற்குமேல் குத்தல் அவ்வளவாக இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எனக்கு முன்னால் குனிந்து குனிந்து போனாள். சரளைக்கல்லைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.